யாரைக் கும்பிடுகிறார் அவர்? வரலாற்றுப் பாடங்களுக்குப் படம் தேர்ந்தெடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பள்ளி வரலாற்றுப் பாடங்களுக்குப் படம் தேர்ந்தெடுக்கும் குழுவினருக்கு,

வணக்கம். நான் மயிலாடுதுறை மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியர். வரலாறு என் பாடம் இல்லை. எனக்கு வாரத்துக்கு இரண்டு பீரியட்தான். தேர்வு நெருங்கினால் அதையும் கணக்கு சார் வாங்கிக்கொள்வார். ஆனால் எங்கள் பள்ளிச் சுவரில் தொங்கும் சார்ட்டுகளில் பெரும்பாலானவை என் கையால் வரைந்தவை. எந்தப் படத்தைப் பிள்ளைகள் கண்ணில் மாட்டுவது என்பதுதான் உங்கள் வேலையும். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

எந்தப் பாடநூல் என்று பெயர் சொல்லப் போவதில்லை. சொல்லவும் முடியாது. வழிகாட்டி நூல், கடையில் பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் படத்தாள், இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பது எல்லாமே ஒரே படம்தான். எங்கள் சமூக அறிவியல் டீச்சர் ‘அடிமை முறை ஒழிப்பு’ என்று ஒரு சார்ட் கேட்டபோது மாதிரிக்குக் கொடுத்ததும் அதுதான். இடுப்பில் ஒரு துணி. ஒரு முழங்கால் தரையில். கையிலும் காலிலும் சங்கிலி. கூப்பிய கை, அண்ணாந்த முகம். நீங்கள் ஆயிரம் முறை பார்த்திருப்பீர்கள்.

மதிய இடைவேளையில் அதை வரைந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்த ஒன்பதாம் வகுப்புப் பையன் கேட்டான்: “சார், இவரு யார சார் கும்பிடுறாரு?”

படத்தில் எதிரே யாருமில்லை. வெறும் வெள்ளைத் தாள். எனக்குப் பதில் வரவில்லை. சங்கிலிக்கு நிழல் கொடுப்பதுபோல் பென்சிலை ஓட்டிக்கொண்டிருந்தேன். மணி அடித்தது, அவன் போய்விட்டான். கேள்வி போகவில்லை.

அந்தப் படத்தின் பிறப்பைத் தேடிப் படித்தேன். 1787இல் இங்கிலாந்தில் அடிமை வணிகத்தை ஒழிக்கப் புறப்பட்ட சங்கத்தின் முத்திரை அது. ஜோசையா வெட்ஜ்வுட் என்ற மட்பாண்டத் தொழிலதிபர் அதைச் சிறு வில்லைகளாகச் சுட்டு ஊரெல்லாம் பரப்பினார். ‘நானும் ஒரு மனிதன் அல்லவா, உன் சகோதரன் அல்லவா’ என்று சுற்றிலும் எழுத்து. சீமாட்டிகள் கைவளையில் பதித்துக்கொண்டார்கள், கொண்டை ஊசியில் செருகிக்கொண்டார்கள். கனவான்களின் மூக்குப்பொடி டப்பா மூடியில்கூட அது இருந்தது. அந்தக் காலத்தில் அது செய்த வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. கல் மனத்தையும் கொஞ்சம் அசைத்த படம்தான். ஆனால் அது யாருக்காக வரையப்பட்டது என்று பாருங்கள். அந்த மனிதர் கும்பிடும் ஆள் படத்துக்கு வெளியே நிற்கிறார். வில்லையைக் கையில் வைத்துப் பார்க்கும் சீமானும் சீமாட்டியும்தான் அவர். இருநூறு வருஷம் கழித்து, அந்தச் சீமான் நின்ற இடத்தில் எங்கள் பையனைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறோம். அவனோ தன்னைக் கும்பிடுவது யார் என்று தெரியாமல் முழிக்கிறான்.

படத்துக்குக் கீழே வரும் வாசகம் இன்னொரு வகை. “அடிமைகள் விடுவிக்கப்பட்டனர்.” எங்கள் தமிழாசிரியரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, “செயப்பாட்டு வினை. எழுவாய் ஒளிஞ்சிக்கிச்சு” என்றார். விடுபடுதல் வேறு, விடுவிக்கப்படுதல் வேறு. தமிழில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருக்க, நாம் ஏன் எப்போதும் இரண்டாவதையே எடுக்கிறோம்? 1831 கிறிஸ்துமஸ் சமயத்தில் பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த ஜமைக்காவில் சாம் ஷார்ப் தலைமையில் கிளம்பிய கிளர்ச்சிக்குப் பிறகுதான், 1833இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அப்போது ஒதுக்கிய 2 கோடி பவுண்டு இழப்பீடு எசமானர்களுக்குப் போனது. அடிமைப்பட்டவர்களுக்குச் சல்லிக்காசு இல்லை. இதையெல்லாம் ‘விடுவிக்கப்பட்டனர்’ என்ற ஒரு சொல் மூடிவிடுகிறது.

மண்டியிட்ட உருவத்தைப் பற்றிய இந்த முறையீட்டை முதலில் வைத்தவன் நானல்ல. வாஷிங்டனில் 1876இல் ஒரு சிலை திறந்தார்கள். ஆபிரகாம் லிங்கன் நிமிர்ந்து நிற்கிறார், அவர் காலடியில் விலங்கு அறுந்த கறுப்பர் ஒருவர் குனிந்து மண்டியிட்டிருக்கிறார். சிலைக்கான பணம் முழுக்க அடிமை நிலையிலிருந்து வெளிவந்தவர்கள் கொடுத்தது. ஷார்லட் ஸ்காட் என்ற பெண் முதலில் 5 டாலர் கொடுத்துத் தொடங்கிவைத்தார். சிலை எப்படி இருக்க வேண்டும் என்று மட்டும் அவர்களை யாரும் கேட்கவில்லை. இதில் கொடுமை என்னவென்றால், மண்டியிட்ட உருவத்துக்கு முகம் தந்த ஆர்ச்சர் அலெக்சாண்டர் தானாகவே எசமானனிடமிருந்து தப்பி ஓடியவர். யாரும் தூக்கிவிட்டு எழுந்தவர் அல்ல. திறப்பு விழாவில் பேசியவர் ஃபிரடெரிக் டக்ளஸ். அவரும் அடிமையாகப் பிறந்து தப்பியவர். சில நாள் கழித்து அவர் ஒரு செய்தித்தாளுக்குக் கடிதம் எழுதினார். சாவதற்குள் தான் பார்க்க விரும்புவது, நாலுகால் விலங்குபோல முட்டிபோட்ட கறுப்பரை அல்ல, இரண்டு காலில் மனிதனாக நிமிர்ந்து நிற்பவரை என்பது அதன் சாரம். 2020இல்தான் அந்தக் கடிதம் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது. அதே சிலையின் நகலைப் பாஸ்டன் நகரம் அந்த ஆண்டு டிசம்பரில் இறக்கிவிட்டது.

சரி, மண்டியிட்டவரை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் யாரை வைப்பது? பட்டியல் நீளம். நான் முதலில் சொல்ல விரும்புவது மேரி தாமஸ் என்ற பெண்ணை. அதற்குக் காரணம் எங்கள் ஊர்.

எங்கள் பிள்ளைகளுக்குச் சுற்றுலா என்றால் தரங்கம்பாடி. பஸ்ஸில் ஏற்றிப்போய் டேனிஷ் கோட்டையைக் காட்டுவோம், கடற்கரையில் சுண்டல் வாங்கிக் கொடுப்போம், சாயங்காலம் திரும்பிவிடுவோம். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டேனியர் கட்டிய கோட்டை. அச்சுக்கூடம், சீகன்பால்கு எல்லாம் பிள்ளைகளுக்கு மனப்பாடம். அதே டென்மார்க் அரசுக்கு அட்லாண்டிக்கின் அந்தப் பக்கம், கரீபியனில், மூன்று தீவுகள் இருந்தன: செயின்ட் தாமஸ், செயின்ட் ஜான், செயின்ட் குரோய். அங்கே கரும்பு. கரும்புக்கு ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக்கொண்டுவந்த மனிதர்கள். ஐரோப்பியக் கம்பெனிகள் நம் சோழமண்டலக் கரையிலிருந்து ஏற்றிய பருத்தித் துணியில் ஒரு பங்கு, மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் ஆள் வாங்கப் பண்டமாற்றாகப் போனது. நம் நெசவாளிக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் கோட்டையைப் பார்க்கும் பிள்ளைக்கு இன்று தெரியலாம்.

1733 நவம்பரில் செயின்ட் ஜான் தீவில் அடிமைகள் கோட்டையைப் பிடித்து மாதக்கணக்கில் தீவைத் தங்கள் கையில் வைத்திருந்தார்கள். அவர்களை அடக்க மார்டினிக்கிலிருந்து பிரெஞ்சுப் படை வரவேண்டியிருந்தது. 1848 ஜூலை 3 அன்று செயின்ட் குரோயில் ஆயிரக்கணக்கானோர் ஃபிரடெரிக்ஸ்டட் கோட்டை முன் திரண்டு நின்று, விடுதலை தராவிட்டால் ஊர் எரியும் என்ற பிறகுதான் ஆளுநர் பீட்டர் வான் ஷோல்டன் விடுதலையை அறிவித்தார். (நம் பக்கத்தில், தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்று மூன்றே வருஷம் ஆகியிருந்தது.) அதோடு முடிந்ததா? அடுத்த வருஷமே ஒரு தொழிலாளர் சட்டம். ஆண்டு ஒப்பந்தம், கூலி அற்பம். பண்ணை மாற வேண்டுமானால் வருஷத்தில் ஒரே நாள், அக்டோபர் 1. 1878இல் அந்த நாள் வந்தபோது கூட்டம் கொதித்தது. அரிவாள் பிடித்த கை தீப்பந்தம் பிடித்தது. ஏறத்தாழ 50 பண்ணைகள் எரிந்தன. ‘ஃபயர்பர்ன்’ என்று இன்றும் அந்தத் தீவில் சொல்கிறார்கள். முன்னே நின்ற பெண்களை மக்கள் அரசி என்றார்கள்: அரசி மேரி (நான் சொன்ன மேரி தாமஸ் இவர்தான்), அரசி ஆக்னஸ், அரசி மத்தில்டா. அவர்களைக் கப்பலேற்றி டென்மார்க்குக் கொண்டுபோய்க் கோபன்ஹேகன் பெண்கள் சிறையில் அடைத்தார்கள். வெகுகாலம் மூன்று அரசிகள் என்றே பேச்சு. பிறகு டென்மார்க் ஆவணங்களைப் புரட்டியபோது நான்காவது ஒருவர், சுசானா, கிடைத்தார்.

அந்த மேரிக்கு 2018 மார்ச் 31 அன்று, அதே கோபன்ஹேகனில், துறைமுகத்தை ஒட்டி ஒரு சிலை வைத்தார்கள். பெயர் ‘நான் அரசி மேரி’. செய்தவர்கள் இரண்டு பெண்கள்: கரீபியன் தீவிலிருந்து லா வான் பெல், டென்மார்க்கிலிருந்து ஜெனெட் ஏலர்ஸ். உயரம் சுமார் 7 மீட்டர், எங்கள் பள்ளி மாடிக்கட்டடத்துக்குச் சமம். இடம் தெரிந்துதான் பிடித்திருக்கிறார்கள். பின்னால் இருப்பது பழைய மேற்கிந்தியக் கிடங்கு. தீவிலிருந்து வந்த சர்க்கரையும் ரம்மும் குவித்த கட்டடம். இப்போது அதற்குள் ஐரோப்பியச் சிற்பங்களின் வெள்ளைப் பிளாஸ்டர் வார்ப்புகள் இருக்கின்றன. வாசலில் மைக்கேலாஞ்சலோவின் டேவிட்டுக்கு ஒரு வெண்கல நகல் நிற்கிறது. அந்த அத்தனை வெள்ளைக்கும் முன்னால் கன்னங்கரேலென்று ஒரு பெண்.

ஓவிய வாத்தியார் கண்ணோடு சொல்கிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அவள் நிற்கவில்லை, உட்கார்ந்திருக்கிறாள். மயில் தோகை விரித்ததுபோல் முதுகு அகன்ற பிரம்பு நாற்காலி. 1967இல், அமெரிக்கக் கறுப்பர் உரிமைக்காகப் போராடிய கறுஞ்சிறுத்தைகள் கட்சியின் ஹியூயி நியூட்டன் உட்கார்ந்து எடுத்துக்கொண்ட புகைப்படத்து நாற்காலியின் சாயல். தலையில் துணிக்கட்டு. ஒரு கையில் தீப்பந்தம், மறு கையில் கரும்பு வெட்டும் கத்தி. கால் வெறுங்கால், இரண்டும் தரையில் அழுந்தப் பதிந்திருக்கின்றன. முகம் கோபமாக இல்லை, சிரிக்கவும் இல்லை. யார் வருகிறார்கள் பார்ப்போம் என்பதுபோல நேரே பார்க்கிறாள். உடல் யாருடையது தெரியுமா? சிற்பிகள் இருவரும் தங்கள் உடலையே முப்பரிமாண ஸ்கேன் எடுத்து, இரண்டையும் ஒன்றாக்கிச் செய்தது. பீடத்தில் செயின்ட் குரோயிலிருந்து கொண்டுவந்த பவளப்பாறைக் கல் பதித்திருந்தார்கள். அடிமைகள் கடலில் இறங்கி வெட்டியெடுத்து, தீவின் பழைய கட்டடங்களுக்கு அடித்தளமாகப் போட்ட கல் அது.

இப்போது என் தொழில் சார்ந்த ஒரு விஷயம். அந்தச் சிலை எதனால் ஆனது? தெர்மாகோல். ஆமாம், ஆண்டுவிழாவுக்கு நானும் பிள்ளைகளும் பிளேடால் அறுத்து, விரலெல்லாம் மணிமணியாய் ஒட்டிக்கொள்ள, கோபுரம் செய்கிறோமே அந்த இனம்தான். மேலே பூச்சுப் பூசிக் கறுப்பாக்கியது. நிரந்தரச் சிலைக்குப் பணமில்லை, தற்காலிகமாக வைத்தார்கள். 2020 டிசம்பரில் ஒரு புயல் அடித்து உடைத்துவிட்டது. தானே புயலும் கஜாவும் பார்த்த எங்களுக்கு அது புதிதல்ல. ஆனாலும் அந்தப் படத்தைப் பார்த்து மனசு சங்கடப்பட்டது. அரசர்களுக்கு வெண்கலக் குதிரை கொடுத்த நகரத்தில் அவளுக்கு முதலில் கிடைத்தது தெர்மாகோல்.

அடுத்தது ஹைட்டி. தலைநகர் போர்ட்டோபிரின்சில் அதிபர் மாளிகைக்கு எதிரே, ஆல்பெர் மங்கோனெஸ் 1967இல் வடித்த வெண்கலச் சிலை: ‘பெயர் தெரியாத மரூன்’. பண்ணையிலிருந்து தப்பி மலைக்காட்டில் வாழ்ந்தவர்களை மரூன் என்பார்கள். இவரும் ஒரு முழங்கால் மடித்திருக்கிறார்! முதலில் பார்த்தபோது எனக்கே திக்கென்றது. பிறகு வரைந்து பார்த்தேன். வரைந்தால்தான் தெரியும். மறு கால் பின்னால் நீண்டு தரையை உதைக்கிறது. கணுக்காலில் அறுந்த சங்கிலி. வலக்கையில் வெட்டுக்கத்தி. இடக்கையில் பெரிய கடற்சங்கு. தலையைப் பின்னால் சாய்த்து, கழுத்து நரம்பு புடைக்க ஊதுகிறார். ஆக முழங்காலில் குற்றமில்லை. வெட்ஜ்வுட் மனிதர் அண்ணாந்து பார்ப்பது மேலே நிற்கும் ஒருவரை. இவர் அண்ணாந்து கூப்பிடுவது மலை முழுக்க ஒளிந்திருக்கும் தன் ஆட்களை. நம் ஊரில் சங்கு ஊதியாச்சு என்றால் ஆள் முடிந்தார் என்று அர்த்தம். அங்கே 1791 ஆகஸ்டில் தொடங்கிய போர் 1804 ஜனவரி 1இல் ஒரு நாடாக முடிந்தது. அடிமைகளே எழுந்து, நெப்போலியன் அனுப்பிய படையைத் தோற்கடித்து உண்டாக்கிய நாடு.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. அந்தச் சிலையை வைக்கச் சொன்னவர் ஃபிரான்சுவா துவாலியே, தன் மக்களையே நடுங்கவைத்த சர்வாதிகாரி. விடுதலைச் சிலையை எவரும் தன் வாசலில் நிறுத்திக்கொள்ளலாம், அதுவும் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். 2010 ஜனவரி 12 நிலநடுக்கத்தில் எதிரே இருந்த மாளிகை அப்பளமாக நொறுங்கியது. சங்கு ஊதுபவர் அப்படியே இருந்தார்.

கயானாவின் கஃபியைச் சொல்லாமல் விட முடியாது. 1763 பிப்ரவரி 23, பெர்பீஸ் என்ற டச்சுக் குடியேற்றத்தில் வெடித்த கிளர்ச்சியின் தலைவர். டச்சு ஆளுநருக்கு அவர் அனுப்பிய கடிதத்தில், நாட்டைப் பாதியாகப் பிரித்துக்கொள்வோம், மறுபடி அடிமையாக மட்டும் இருக்கமாட்டோம் என்று பேரம் பேசினார். கிளர்ச்சி தோற்றது. உட்பகையில் தன் பிடி தளர்ந்தபோது கஃபி தன்னையே மாய்த்துக்கொண்டார். இருந்தும் கயானா குடியரசு நாளாக எடுத்துக்கொண்டது அந்தப் பிப்ரவரி 23ஐத்தான். 1976இல் ஜார்ஜ்டவுனில் ஃபிலிப் மூர் செய்த சிலை வைத்தார்கள். மூர் எந்தக் கலைக்கல்லூரியிலும் படிக்காதவர், பெர்பீஸ்காரர். அதனாலேயே அந்தச் சிலை யாரும் எதிர்பார்த்த மாதிரி இல்லை. உதடு குவிந்திருக்கிறது, மார்பில் ஒரு முகம், தொடையில் முகங்கள். இரண்டு கையிலும் ஒரு நாயையும் ஒரு பன்றியையும் கழுத்தை நெரித்துப் பிடித்திருக்கிறார்: பேராசையும் அறியாமையும். அழகில்லை என்று முணுமுணுத்தவர்கள் அங்கே நிறைய. எனக்கு எங்கள் ஊர் எல்லை முனீஸ்வரன் ஞாபகம் வந்தது. அதே பெர்பீஸ் கரும்புத் தோட்டங்களுக்குத்தான் பிற்பாடு சென்னையிலிருந்து கப்பல் கப்பலாக ஒப்பந்தக் கூலிகள் போனார்கள். இன்றும் அங்கே மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன. அடிமைகள் விட்ட அரிவாளை எடுத்தவர்களில் நம் ஆட்களும் உண்டு.

பார்படோசில் ஒன்று இருக்கிறது. 1985இல் கார்ல் புரூட்ஹாகன் செய்தது, கை இரண்டையும் உயர்த்தி அறுந்த சங்கிலியோடு நிற்பவர். அதிகாரப்பூர்வப் பெயர் ‘விடுதலைச் சிலை’. ஜனங்கள் கேட்கவில்லை. 1816 கிளர்ச்சித் தலைவர் பஸ்ஸாவின் பெயரை அவர்களே வைத்துவிட்டார்கள்.

உங்கள் கூட்டத்தில் என்ன ஆட்சேபம் வரும் என்று எனக்குத் தெரியும். கத்தியும் தீப்பந்தமும் சின்னப் பிள்ளைகளுக்கு ஆகுமா? ஐயா, அம்மா, எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கு வரும் வழியில் அய்யனார் இருக்கிறார், பக்கத்தில் வீரன் ஆளுயர அரிவாளோடு நிற்கிறார். கும்பிட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். கரும்புச் சோகை கையை எப்படி அறுக்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். இன்னொன்று, மேரியின் கதை அடிமை ஒழிப்புக்கு 30 வருஷம் கழித்து நடந்தது, இந்தப் பாடத்தில் எப்படிச் சேரும் என்பீர்கள். அதனால்தான் சேர்க்க வேண்டும் என்கிறேன். நம் நாட்டிலும் 1843இல் சட்டம் வந்தது. அதற்கு நூறு வருஷம் கழித்தும் இந்தக் காவிரிக் கடைமடையில் பண்ணையாளுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் இருந்தது. என் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பலருடைய கொள்ளுத்தாத்தா வாங்கிய அடி அது. அவர்களும் கும்பிட்டு விடுபட்டவர்கள் இல்லை, செங்கொடி பிடித்துச் சங்கம் வைத்துத்தான் விடுபட்டார்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மண்டியிட்டவர் படத்தைக் கிழித்தெறியச் சொல்லவில்லை. வைப்பதானால், யார் யாருக்காக வரைந்தது என்று ஒரு வரி போடுங்கள். பக்கத்தில் மேரியையோ சங்கு ஊதுபவரையோ கஃபியையோ வையுங்கள். படத்தின் கீழே செய்த சிற்பியின் பெயரும் ஆண்டும் ஊரும் வரட்டும். கலைஞர் பெயர் போடாத பழக்கம் நமக்கு இருக்கிறது, அதையும் இதோடு விட்டுவிடலாம். பயிற்சிப் பகுதியில் ‘கோடிட்ட இடத்தை நிரப்புக’ ஒன்றைக் குறைத்து, ‘இந்தச் சிலையை வரைக’ என்று ஒன்று கொடுங்கள். வாக்கியத்தில் எழுவாயைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். புகைப்படத்துக்கு அனுமதி வாங்குவது சிரமம் என்றால் உரியவர்களுக்கு ஒரு கடிதம் எழுதிப் பாருங்கள். கோட்டோவியம் போதுமென்றால் நான் போட்டுத் தருகிறேன், காசு வேண்டாம். இந்த மடலோடு மூன்று படங்கள் இணைத்திருக்கிறேன். சார்ட் தாளில் இந்தியன் இங்க், அரைப் பக்க அளவுக்குச் சுருக்கினாலும் கோடு உடையாது.

இப்படிக்கு,
ஓர் ஓவிய ஆசிரியர்,
மயிலாடுதுறை மாவட்டம்.

பின்குறிப்பு: நான்காவதாக ஒரு படம் இருக்கும். அது என்னுடையதல்ல, கேள்வி கேட்ட அந்தப் பையனுடையது. மேரியைப் பார்த்து வரையச் சொன்னேன். பிரம்பு நாற்காலியின் பின்னல் அவனுக்கு வரவில்லை. இரண்டு முறை அழித்துவிட்டு, எங்கள் தலைமையாசிரியர் அறையில் கிடக்கும் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியில் அவளை உட்கார வைத்துவிட்டான். திருத்தலாமா என்று பென்சிலை எடுத்தேன். வேண்டாமென்று வைத்துவிட்டேன்.